ஒரு சாண் தழும்பு

ஒரு காலத்தில் எங்கள் ஊரில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் அது அவர் ஒருவருடைய வயிற்றோடு முடிகிற காரியமாக இருந்ததில்லை. நாள் குறித்ததுமே அத்தை வீட்டுக்கு ஆள் போகும், குலதெய்வத்துக்கு மஞ்சள் துணியில் காசு முடிவார்கள், பக்கத்து வீட்டு ஃபிளாஸ்க் நம் வீட்டுக்கு வந்துவிடும், ராத்திரி துணைக்குப் படுப்பது யார், பகலில் சாப்பாடு கொண்டுபோவது யார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது யார் என்று திண்ணையில் ஒரு சபையே கூடிப் பேசி முடிவெடுக்கும். போன தை மாதம் என் தங்கை மகன் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு, மறுநாள் வீட்டுக்கு வந்து, மடிக்கணினியைத் திறந்து வைத்து அலுவலகத்தோடு பேசத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது; அதுவும் வாட்ஸ்அப்பில், கட்டைவிரலை உயர்த்திய ஒரு படமாக. ஆப்பிளும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவனே எழுந்து வந்து கதவைத் திறந்தான். மனது நிறைந்துதான் போயிற்று. ஆனாலும் நோயாளியே கதவைத் திறந்துவிடுகிற வீட்டில் பழப்பையை யார் கையில் கொடுப்பது என்று ஒரு கணம் நின்றுவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில், கல்லூரி விடுதியில் இருந்தபோது எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்தது. உங்களில் பலருக்கும் அந்த வலி தெரிந்திருக்கும். முதலில் தொப்புளைச் சுற்றி எங்கோ மொத்தமாக வலிக்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமவாட்டர் குடிப்போம். விடிவதற்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அன்று ஸ்கேன் கிடையாது, பெரிய டாக்டரின் விரல்களை நம்பித்தான் எல்லாம். வலது இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்து, அதில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், நியூயார்க் மருத்துவர் சார்லஸ் மெக்பர்னி 1889இல் குறித்துவைத்துவிட்டுப் போன அந்தப் புள்ளியில் அவர் மெல்ல அழுத்தினார். பிறகு சட்டென்று கையை எடுத்தார். அழுத்தும்போதைவிட எடுக்கும்போது வலித்தது. அவர் என் வயிற்றைப் பார்க்கவே இல்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பாவுக்குத் தந்தி கொடுத்துடுங்க" என்று வார்டனிடம் சொன்னார்.

தியேட்டரில் என்னைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, "முழங்காலை நெஞ்சோட சேத்துக்கோ தம்பி, முதுகை வளை" என்றார்கள். ஜெர்மனியின் ஆகஸ்ட் பியர் 1898இல் தொடங்கிவைத்த முதுகுத்தண்டு ஊசி அது. கொஞ்ச நேரத்தில் என் கால்கள் யாருடையவோ ஆகிவிட்டன; காது மட்டும் என்னுடையதாக இருந்தது. கத்தரிகள் தட்டில் விழும் சத்தத்தையும், டாக்டரும் சிஸ்டரும் அப்போது ஓடிக்கொண்டிருந்த சிவாஜி படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டதையும் கேட்டுக்கொண்டே கிடந்தேன். பாதியில் கரண்ட் போனது. வார்டு பாய் டார்ச் பிடித்தார். அன்றிரவு அதைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியரிடம் சொன்னபோது அவர், காந்திக்கும் இப்படித்தான் நடந்தது என்றார். 1924 ஜனவரி 12ஆம் தேதி, எரவாடா சிறையிலிருந்து புனே சசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட காந்திக்குக் கர்னல் மேடாக் குடல்வாலை எடுத்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய், கடைசியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில்தான் முடித்தார்களாம். காந்திக்கும் எனக்கும் பொதுவாக ஒன்று கிடைத்துவிட்ட பெருமையில் அந்த இரவின் வலி பாதி குறைந்துபோனது.

அதற்குப் பிறகு வந்தது தாகம். அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்த யாருக்கும் தண்ணீர் கிடையாது. நனைத்த பஞ்சால் உதட்டை ஒற்றிவிடுவார்கள், அவ்வளவுதான். ரவுண்ட்ஸ் வருகிற ஒவ்வொரு டாக்டரும் ஒரே கேள்வியைக் கேட்பார்: "காத்து பிரிஞ்சுதா தம்பி?" கூச்சத்தில் நெளிந்துகொண்டு இல்லை என்பேன். அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லும்வரை கஞ்சித் தண்ணீர்கூட வாய்க்குப் போகாது என்பதால், ஒரு வார்டே நம் குடல் விழிப்பதற்காகக் காத்திருக்கும். விழித்ததும் அந்தச் செய்தி கட்டில் கட்டிலாகப் பரவும். எதிர்க் கட்டில் பாட்டையா, "தப்பிச்சேடா பேராண்டி" என்று உரக்கச் சொல்வார். உலகத்தில் வேறெங்கும் அந்த ஒரு காரியத்துக்காக ஒருவனை அத்தனை பேர் வாழ்த்தியிருக்க முடியாது. இன்றைக்கு அந்தக் காத்திருப்பே பெரும்பாலும் போய்விட்டது. டென்மார்க்கின் ஹென்ரிக் கேலட் தொண்ணூறுகளில் தொடங்கிவைத்த மாற்றம் அது. குடல் அறுவைக்குப் பிறகும் சீக்கிரம் சாப்பிடவைத்து, சீக்கிரம் நடக்கவைத்தால் நோயாளி சீக்கிரம் தேறுகிறார் என்று காட்டினார்கள். பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு முன்பு, மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த நீர் குடிக்கலாம் என்றாகிவிட்டது. பெருங்குடல் அறுவைக்குப் பின் காபி குடித்தவர்களுக்குக் குடல் சற்று முன்னதாகவே இயங்கத் தொடங்குகிறது என்றும் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். அன்று எனக்காக அத்தை ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த டிகிரி காபியைச் சிஸ்டர் வாசலோடு திருப்பி அனுப்பினார். அத்தை இன்று இருந்திருந்தால் இந்த ஆராய்ச்சியை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள்.

தையல் பிரிக்கும்வரை ஆஸ்பத்திரியில்தான் இருக்க வேண்டும். கட்டிலுக்கடியில் டிபன் கேரியர், தலைமாட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில், ஜன்னல் கம்பியில் உலரும் துண்டு, விகடனிலிருந்தும் குமுதத்திலிருந்தும் கிழித்து பைண்டு செய்த யாரோ ஒருவருடைய தொடர்கதைகள். தலைமையாசிரியருக்கு வந்த இட்லியில் எனக்கும் பங்கு உண்டு. எனக்கு வந்த பிரெட்டில் பாட்டையாவுக்குப் பங்கு உண்டு. வார்டில் பிறந்த சிநேகிதங்கள் கல்யாணப் பத்திரிகை அனுப்புகிற அளவுக்கு நீண்டன. குடல்வாலைத் துளை போட்டு எடுக்கலாம் என்று 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் செய்துகாட்டியபோது, அவருடைய சக மருத்துவர்களே அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று அதுவே வழக்கமாகிவிட்டது. சிக்கலாகாத குடல்வால் அழற்சியைத் தொடக்கத்தில் ஆன்டிபயாட்டிக் மருந்தாலேயே சமாளிக்கலாம் என்றும் வந்திருக்கிறது. ஆனால் 2020இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில் அப்படி மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. இரண்டு வழியும் நோயாளியின் முன்னால் வைக்கப்படுகிறது, தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் டாக்டர் சொன்னார், அப்பா கையெழுத்துப் போட்டார்.

அப்பா நெல் மில்லில் வேலை பார்த்தவர். அரையில் கொட்டைப்பாக்கு அளவில் தொடங்கிய குடலிறக்கத்தை வருஷக்கணக்கில் வேட்டிக்குள்ளேயே வைத்து மறைத்திருந்தார். இரும்புத் தகடும் தோலும் சேர்த்துச் செய்த ஒரு பட்டையை இடுப்பில் கட்டிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தது எங்களுக்கு அவருடைய ஆபரேஷனின்போதுதான் தெரிந்தது. இத்தாலியின் எதுவார்தோ பாசினி 1880களில் வகுத்த வழியில், பலவீனமான இடத்தின் இரண்டு ஓரங்களையும் இழுத்துச் சேர்த்துத் தைத்தார்கள். இழுத்துத் தைத்த இடம் என்பதால் வலியும் அதிகம், மறுபடி விட்டுப்போகிற பயமும் அதிகம். மாதக்கணக்கில் பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். மூட்டை தூக்கித்தான் சம்பளம் என்கிற வீட்டில் அந்த மாதங்கள் எப்படிக் கழிந்தன என்பது அம்மாவின் வளையல்களுக்குத்தான் தெரியும். லாஸ் ஏஞ்சலஸில் இர்விங் லிக்டன்ஸ்டைன் எண்பதுகளில், இழுத்துத் தைக்காமல் மேலே ஒரு வலையை வைத்துப் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். அந்த வலையின் விலை ஏழைக்கு எட்டாது என்று கண்ட ரவீந்திரநாத் தோங்காவ்கர், மகாராஷ்டிரத்தின் தொண்டாயிச்சா என்ற சிற்றூரில் இருந்துகொண்டு, கொசுவலைத் துணியைச் சுத்திகரித்து வைத்துத் தைத்துக் காட்டினார். பிற்பாடு உகாண்டாவில் கொசுவலையையும் விலையுயர்ந்த வலையையும் ஒப்பிட்டு நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றே தெரிந்தது. தங்கை மகன் மறுநாளே எழுந்து நடந்ததற்குப் பின்னால் இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது. அப்பா காலத்தில் அது வந்திருக்கக் கூடாதா என்று அவனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது.

பித்தப்பைக் கல்லும் அப்படித்தான். அத்தைக்கு எண்பதுகளின் தொடக்கத்தில் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்தார்கள். எடுத்த கற்களை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டில் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் கொலுப் பொம்மைகளுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்கில் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை அதைக் குலுக்கிக் காட்டிவிட்டுத்தான் காபி கொடுப்பாள். ஜெர்மனியில் எரிக் மூவே 1985இல் பித்தப்பையைத் துளை வழியாக எடுத்தார், 1990இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்தன் உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் பழனிவேலு போன்றவர்கள் நம் பக்கத்தில் பரப்பினார்கள். இப்போது நான்கு சிறு துளைகள். வயிற்றைக் கரியமில வாயுவால் உப்பவைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுகிறார்கள். ஆபரேஷன் வயிற்றில், வலி தோளில் என்று நோயாளி பயப்படுகிறார். அந்த வாயுவின் வேலைதான் அது, ஓரிரு நாளில் சரியாகிவிடுகிறது. தழும்பு தேடினாலும் கிடைப்பதில்லை. அத்தை தன் தழும்பை வயிற்றுச் சேலையை விலக்கி எங்களுக்குக் காட்டி, "இதுல புகுந்து வந்தவடா உங்க அத்தை" என்று சொல்லும்போது அவள் குரலில் இருந்த கம்பீரத்துக்கு இந்த நான்கு புள்ளிகளில் இடமில்லை. ஆனாலும் அத்தை பட்ட வலியை இனி யாரும் பட வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

குடல்வாலையும் கல்லையும் பெருமையோடு பேசிய அதே ஊர், மூலத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காது. எங்கள் பெரியப்பா சைக்கிளில் போவதை நிறுத்தினார், பந்தியில் உட்காருவதைத் தவிர்த்தார், வீட்டில் திடீரென்று கருணைக்கிழங்கு மசியலும் துத்திக்கீரையும் மோரும் பெருகின. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. பேருந்து நிலையச் சுவர்களில் மட்டும் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கும். ஊருக்கே தெரியும்படி எழுதிய அந்த விலாசத்துக்குத்தான் ஊருக்குத் தெரியாமல் போய்வந்துகொண்டிருந்தார்கள். லண்டனில் ஃபிரெடெரிக் சால்மன் 1835இலேயே இந்த நோய்களுக்கென்று, அதிலும் ஏழைகளுக்கென்று, ஏழு படுக்கைகளோடு ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். இன்றைய செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனை அதுதான். பிரான்சின் பதினான்காம் லூயி மன்னருக்கு 1686இல் பவுத்திர ஆபரேஷன் நடந்து தேறியபோது, அரசவையே அதைப் பற்றிப் பேசியது. நம் பெரியப்பாக்கள் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

பயத்துக்கும் காரணம் இருந்தது. மில்லிகனும் மார்கனும் 1937இல் அதே செயின்ட் மார்க்ஸிலிருந்து எழுதிய முறையில் மூலத்தை வெட்டி எடுத்து, புண்ணைத் தானாக ஆற விட்டுவிடுவார்கள். ஆபரேஷனைவிட அதற்குப் பிறகு முதல்முறை கழிப்பறைக்குப் போவதைப் பற்றித்தான் ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். வெந்நீர்த் தொட்டியில் ஊதா நிறப் பர்மாங்கனேட்டைக் கரைத்து, காலையும் மாலையும் அதில் உட்கார்ந்திருப்பார்கள். 1963இல் பேரன் என்ற அமெரிக்க மருத்துவர் ரப்பர் வளையம் போடும் முறையைப் பரப்பினார். மூலத்தின் அடியில் ஒரு சிறு வளையத்தை மாட்டிவிட்டால் இரத்த ஓட்டம் நின்று அது தானே உதிர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு 1998இல் ஸ்டேப்ளர் வந்தது, லேசர் வந்தது. இன்றும் நல்ல டாக்டர் முதலில் சொல்வது பழைய சங்கதிதான்: நார்ச்சத்து, தண்ணீர், முக்காமல் போவது, கழிப்பறையில் நெடுநேரம் உட்காராமல் இருப்பது. உகாண்டாவில் பணிபுரிந்த டெனிஸ் பர்கிட், அங்கே முரட்டு தானியம் தின்கிற கிராமத்து மக்களுக்குக் குடல் நோய்கள் அரிதாக இருப்பதைப் பார்த்து எழுபதுகளில் உலகமெல்லாம் நார்ச்சத்தைப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அதே எழுபதுகளில்தான் எங்கள் வீட்டில் கேழ்வரகையும் கம்பையும் ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு, தீட்டித் தீட்டி வெளுத்த அரிசிக்கு மாறினோம். இப்போது அதே கேழ்வரகு வழவழப்பான உறையில், இரண்டு மடங்கு விலையில் திரும்பி வந்திருக்கிறது. கழிப்பறைக்குள் செய்தித்தாளுக்குப் பதிலாகக் கைபேசி போயிருக்கிறது.

பழையது எல்லாமே தோற்றுவிடவும் இல்லை. பவுத்திரத்தில் கத்தி வைத்தால் மலத்தை அடக்குகிற தசையும் சேர்ந்து வெட்டுப்பட்டுவிடும் அபாயம் உண்டு. அதனால் சுஸ்ருதர் காலத்திலிருந்து வருகிற காரநூல் இன்றும் உயிரோடு இருக்கிறது. கள்ளிப்பாலும் நாயுருவிச் சாம்பலின் காரமும் மஞ்சளும் 21 பூச்சுகளாகப் பூசி உலர்த்திய நூலைப் பவுத்திரப் பாதைக்குள் செலுத்திக் கட்டி, வாரம்தோறும் மாற்றுவார்கள். நூல் மெல்ல மெல்ல வெட்டிக்கொண்டே வர, பின்னாலேயே புண் ஆறிக்கொண்டு வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதை அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 1991இல் வெளியிட்டது: ஆற அதிக நாளாகிறது, ஆனால் திரும்ப வருவது குறைவு. சித்த, ஆயுர்வேத மருத்துவமனைகளில் முறையாகப் படித்தவர்கள் செய்கிற காரியம் அது. சுவரில் எழுதியிருக்கும் விலாசத்தோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குழப்பிக்கொண்டவர் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்தவர். மலத்தோடு இரத்தம் போனது. மூலம்தான் என்று தானே தீர்மானித்து, சுவர் விலாசங்களில் வருஷங்களைக் கழித்தார். உண்மையில் அது மலக்குடல் புற்று. எர்னெஸ்ட் மைல்ஸ் 1908இல் வகுத்த பெரிய ஆபரேஷனைச் செய்து, ஆசனவாயை மூடி, வயிற்றில் துளையிட்டுக் குடலை வெளியே கொண்டுவந்தார்கள். தோலில் ஒட்டிக்கொள்கிற பையை, தன் தங்கையின் அவஸ்தையைப் பார்த்த எலீஸா சோரன்சன் என்ற டென்மார்க் செவிலியர் 1954லேயே யோசித்துவிட்டார் என்றாலும், அது எங்கள் ஊருக்கு வந்துசேரவில்லை. தையல்காரர் தன் கையாலேயே துணியில் பட்டை தைத்து, பாலிதீன் உறையைக் கட்டிக்கொண்டு, கடை வாசலில் ஊதுபத்தி ஏற்றிவைத்துவிட்டு மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்கப் போன நாங்கள் அந்த ஊதுபத்தி ஏன் என்று வெகுநாள் கழித்துத்தான் புரிந்துகொண்டோம். பெருங்குடலுக்குள் குழாயைச் செலுத்திப் பார்த்து, புற்றாக மாறக்கூடிய சிறு முளையை அந்தக் குழாய் வழியாகவே நீக்கிவிடுவதை நியூயார்க்கில் ஷின்யாவும் உல்ஃபும் 1969இலேயே செய்துகாட்டியிருந்தார்கள். அந்த முளை புற்றாக மாறப் பொதுவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். அத்தனை ஆண்டுகள் கையில் இருந்தும் அவரை டாக்டரிடம் போகவிடாமல் தடுத்தது வெட்கம் ஒன்றுதான்.

இன்று கொலோனோஸ்கோப்பி என்கிற அந்தக் குழாய்ப் பரிசோதனை மாவட்டத் தலைநகரங்களுக்கே வந்துவிட்டது. முந்தின நாள் மருந்து கரைத்த தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்க வேண்டும் என்பதுதான் பலருக்கு அதில் பெரிய கஷ்டம். மலக்குடல் புற்றைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலோருக்கு ஆசனவாயைக் காப்பாற்ற முடிகிறது; பை தேவைப்பட்டாலும் அது ஒட்டிக்கொள்கிறது, எளிதில் கசிவதில்லை, அதோடு வேலைக்கும் கல்யாணத்துக்கும் போகிறார்கள். தமிழ்நாட்டில் 2009 முதல் அரசுக் காப்பீடு இருக்கிறது. அம்மாவின் வளையல் போல ஒவ்வொரு வீட்டு நகையும் அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை. இத்தனையும் வந்திருக்கிறது. மாறாமல் இருப்பது அந்த வெட்கமும், பேருந்து நிலையச் சுவரும்தான். சுவரில் இருந்தது இப்போது கைபேசித் திரைக்கும் வந்துவிட்டது.

பழைய வார்டு திரும்ப வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உலர்ந்த உதட்டையும் டார்ச் வெளிச்சத்தையும் என் பேரப்பிள்ளைகளுக்கு யாரும் தர வேண்டாம். ஆனால் துளை வழி ஆபரேஷன் ஆனவரும் ஆபரேஷன் ஆனவர்தான். உள்ளே ஆறுவதற்கு உடம்புக்கு நாள் வேண்டும், பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும். ஆகவே அவரைப் பார்க்கப் போங்கள், கட்டைவிரல் படத்தோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதைவிட முக்கியமாக, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, மலம் கழிக்கும் வழக்கம் வாரக்கணக்கில் மாறியிருந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, மூலம்தான் என்று நீங்களே தீர்மானித்துவிடாதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், படித்த மருத்துவர் ஒருவரிடம் போய்க் காட்டுங்கள். அவர் விரலால் பரிசோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.